ஊர் ஊராய் ஆடியவர்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் ஞாயிறு காலையில் வலை கட்டிய எந்த மைதானத்துக்குப் போனாலும், பையனைச் சேர்க்க வந்த அப்பா முதலில் கேட்பது: “கோச் இந்தியாவுக்கு எத்தனை மேட்ச் ஆடியிருக்கார் சார்?” அந்தக் கணக்கு எதையும் சொல்லாது என்பேன். சாட்சிக்கு எஸ். ஸ்ரீராமைக் கூப்பிடுகிறேன்.

சென்னைக்காரர். இடது கை பேட்ஸ்மேன், இடது கை சுழல். 1999-2000 ரஞ்சிப் பருவத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ரன். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 9,500-ஐத் தாண்டியவர், 32 சதம். இந்தியாவுக்கு ஆடியதோ 8 ஒருநாள் ஆட்டம். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. எட்டிலும் சேர்த்து 81 ரன். அதில் 57, 2004 டிசம்பரில் டாக்காவில் ஒரே ஆட்டத்தில் அடித்தது. அன்று பார்த்து வங்கதேசம் ஜெயித்துவிட்டது. அந்தத் தொடரோடு கதவு சாத்தியாயிற்று.

பிறகு மகாராஷ்டிரா, கோவா, அசாம் என்று வெளி மாநில அணிகளுக்கு ஆடினார். இப்படி ஆடுபவருக்கு ‘கெஸ்ட் பிளேயர்’ என்று பெயர். ஒரு மாநில அணி வெளியாட்கள் மூன்று பேர் வரை ஒப்பந்தத்தில் எடுக்கலாம். வீரர் சொந்தச் சங்கத்திடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு போக வேண்டும். சம்பளம் ரன்னுக்குத்தான். ஆனால் எதிர் முனையில் திணறும் சின்னப் பையனுக்கு, அவன் பாஷை தெரியாவிட்டாலும், நாலு வார்த்தை சொல்லித்தான் ஆக வேண்டும். கோச் வேலை அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. அமெரிக்க பேஸ்பாலிலும் இப்படி அணி அணியாகச் சுற்றியவர்கள் பலர் கடைசியில் பயிற்சியாளராகத்தான் வந்து நிற்கிறார்கள்.

2017 பிப்ரவரி, புனே டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் சுழல் ஆலோசகர் ஸ்ரீராம். இரண்டாம் நாள் காலையில் அந்த அணியின் சுழற்பந்து வீச்சாளர் ஸ்டீவ் ஓ’கீஃபுக்கு ஒரு விக்கெட்டும் விழவில்லை. மதிய இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடப் போக, இவர்கள் இருவரும் பயிற்சி பிட்ச்சில் பந்து போட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்த ஓ’கீஃப் 24 பந்தில் 5 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 105-க்குச் சுருண்டது. நம்மவர் கைவரிசை, நமக்கே!

2022-இல் வங்கதேச டி20 அணி அவரைத் தொழில்நுட்ப ஆலோசகராக அழைத்தது. 57 அடித்தும் தோற்ற அதே டாக்காவுக்கு, பதினெட்டு வருஷம் கழித்து, அந்த ஊர் அணியின் ஆளாகப் போய் இறங்கினார்.