வளரும் பிள்ளைக்கு எவ்வளவு சாப்பாடு?

"என் மகளுக்கு 15 வயது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிறாள். கேட்டால், குண்டாகிவிடுவேன் என்கிறாள். மாலையில் வந்ததும் களைத்துப் படுத்துவிடுகிறாள். என்ன செய்வது?" ஒரு தாயார் என்னிடம் இப்படிக் கேட்டார். இன்று பல வீடுகளில் எழும் கேள்விதான் இது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உணவு உடலுக்குத் தரும் சக்தியைக் கலோரி என்ற அளவில் குறிக்கிறோம். மலேசியச் சுகாதார அமைச்சின் 2017-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுப் பையன்களுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,200 கலோரியும் பெண் பிள்ளைகளுக்கு 1,800 கலோரியும் தேவை. 18 வயதை நெருங்கும்போது இது சற்றுக் கூடும். காற்பந்து, கபடி என்று தினமும் திடலில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

ஆனால், கலோரியை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டாலே ஏறக்குறைய 600 கலோரி வந்துவிடுகிறது. கூடவே ஒரு டின் குளிர்பானம் குடித்தால், அதில் மட்டும் சுமார் ஏழு தேக்கரண்டிச் சீனி. வயிறு நிறைந்துவிடும். எலும்புக்கும் இரத்தத்துக்கும் வேண்டியது அதில் எவ்வளவு இருக்கிறது?

எலும்பு வலுப்பெறும் காலம் இந்த வயதுதான். தினமும் 1,300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு கிளாஸ் பாலில் கிடைப்பது சுமார் 300 மட்டுமே. மீதிக்கு முள்ளோடு உண்ணும் நெத்திலி, தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கின்றன. (கேழ்வரகுக் கூழை இப்போதைய பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பீர்கள். தோசையாகச் சுட்டுப் பாருங்கள்!)

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். மாதவிலக்கினால் பெண் பிள்ளைகள் இரும்புச் சத்தை இழக்கிறார்கள். சாப்பாட்டில் அது ஈடாகாவிட்டால் இரத்தச் சோகை வரும். களைப்பு, தலைச்சுற்றல், பாடத்தில் கவனமின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். இதை அறியாமல் "சோம்பேறி" என்று திட்டுகிறோம். ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ளது அவ்வளவு சுலபமாகச் சேராது. சைவக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பாட்டோடு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடனே தே தாரிக் குடித்தால் அதுவே தடையாகிவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும்.

பசியாறாமல் போகும் பிள்ளை ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் பொரித்ததைத்தான் தேடும். இரண்டு இட்லி, சாம்பார், ஓர் அவித்த முட்டை சாப்பிட்டால் 300 கலோரி அளவில்தான் இருக்கும். குண்டாகும் பயம் வேண்டாம் என்று மகளிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள் என்றேன். களைப்பு நீடிப்பதால், கிளினிக்கில் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொன்னேன். இரும்பு மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.