மனோதத்துவம் படிக்கலாமா?

தென் அந்தமானில் வண்டூர் என்றதும் ஜாலி பாய் தீவுக்குப் படகு ஏறும் துறைதான் பலருக்கு நினைவு வரும். 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் வாசல் அது. ஊரின் பெயரோ மலப்புரம் ஜில்லாவிலிருந்து வந்தது. 1921 மலபார் கலகத்துக்குப் பின் இங்கே அனுப்பப்பட்ட மாப்பிள்ளைமார், திரூர், மஞ்சேரி என்று தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டு வந்து விட்டார்கள்.

பவழத்தைப் படிக்க நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் இந்தத் தீவுகளுக்கு வருகிறார்கள். ஆனால் வண்டூரில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் மகள் பிளஸ் டூ முடித்து விட்டு, "மனோதத்துவம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், வீட்டில் முதலில் எழுவது சிரிப்பு; அடுத்து கவலை. "பைத்தியத்துக்கு வைத்தியமா?" என்பார் பாட்டி. "படித்தால் என்ன உத்தியோகம்?" என்பார் தகப்பனார். பாட்டியின் கேள்விக்கு விடை சுலபம். தகப்பனாரின் கேள்விதான் கடினம்.

பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதன் மேல் மனநோய் மருத்துவத்தில் பட்டம் பெற்ற டாக்டர். மருந்துச் சீட்டு எழுதும் உரிமை அவருக்கு. மனோதத்துவ பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. என்பது வேறு. மனிதன் எப்படிப் பார்க்கிறான், எப்படிக் கற்கிறான், ஏன் மறக்கிறான், கூட்டத்தில் சேர்ந்ததும் ஏன் மாறிப் போகிறான் என்பதை ஆராயும் படிப்பு அது. எதிரில் இருப்பவரின் மனத்தில் உள்ளதை அப்படியே சொல்லி விடும் வித்தை எதுவும் அதில் கிடையாது. அந்த ஆசையில் சேருகிறவர்கள் முதல் வருஷமே புள்ளியியல் பாடத்தைக் கண்டு திகைத்துப் போகிறார்கள். ஆம், கணக்கு உண்டு; அதற்குத் தப்ப முடியாது.

சோதனைச் சாலையும் உண்டு. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புக் குறிகள் உள்நோக்கி மடங்கியிருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். எத்தனை தடவை அளந்து காட்டினாலும் கண் மட்டும் இரண்டாவது கோடுதான் நீளம் என்று சாதிக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் வரைவது இன்னொரு சோதனை. முதல் தடவை கை தாறுமாறாக ஓடும். பத்தாவது தடவை பழகி விடும். எத்தனை பிழை, எத்தனை விநாடி என்று குறித்து வரைபடம் போட வேண்டும். லேத் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் கைபழகுவதும் இதே விதிப்படிதான்.

வானொலி வைத்த பேராசிரியர்

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் சோதனைச் சாலை அமைத்ததிலிருந்து இந்தப் படிப்பின் கதையைத் தொடங்குவது வழக்கம். இந்தியாவில் முதல் மனோதத்துவத் துறை 1916-ல் கல்கத்தா சர்வகலாசாலையில் ஏற்பட்டது. தலைமை வகித்தவர் ஹார்வர்டில் படித்துத் திரும்பிய என்.என். சென்குப்தா. 1924-ல் மைசூரில் துறை வந்தது. அங்கே பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலசாமிதான் 1935-ல் தம் சொந்த முயற்சியில் ஒரு வானொலி நிலையம் தொடங்கி அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர் வைத்தவர். சென்னை சர்வகலாசாலையில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை அமைந்தது. நம்மவர்களுக்கு இது ஏதோ நேற்று வந்த நாகரிகப் படிப்பல்ல.

சுனாமிக்குப் பின்

இந்தப் படிப்புக்குத் தீவுகளில் என்ன வேலை என்று கேட்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கடல் ஏறியது; தென் அந்தமானில் நிலமே தாழ்ந்தது; சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் நின்றது. கார் நிகோபார், கச்சால் முதலிய தீவுகளிலிருந்து ஜனங்கள் போர்ட் பிளேர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் துணியும் வந்தன. கூடவே பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுவும் வந்தது.

அந்தக் குழுவினர் கண்டதைப் பிற்பாடு மருத்துவப் பத்திரிகைகளில் எழுதினார்கள். தூக்கம் வராதவர்கள், காரணம் தெரியாமல் உடம்பு வலிக்கிறது என்று வந்தவர்கள், சின்னச் சத்தத்துக்கும் பதறியவர்கள் என்று பலர். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இல்லை; பேரிடரைக் கண்ட எவருக்கும் வரக்கூடிய கலக்கம்தான். சொந்த ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களிடம் மனநோய் சற்று அதிகம்; ஊரிலேயே இருந்தவர்களிடம் குறைவு. கூட்டுக் குடும்பமாக, ஒற்றுமையாக வாழ்ந்த நிகோபாரிகளுக்கு அந்த உறவுக் கட்டே பெரும் ஆதரவாக இருந்தது. வந்த டாக்டர்கள் சிலரே, முகாம்களோ பல. ஆகவே உள்ளூர் ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும், கேட்கவும் ஆறுதல் சொல்லவும் பயிற்சி கொடுத்தார்கள். அப்போது தேவைப்பட்டவர்கள், ஊர் ஜனங்களின் பாஷையில் பேசத் தெரிந்தவர்கள்.

சுனாமியோடு அந்தத் தேவை தீர்ந்து விடவில்லை. தேசியக் குற்றப் பதிவு அமைப்பின் 2022-ம் வருஷக் கணக்கில் நாடு முழுவதற்கும் லட்சம் பேருக்குத் தற்கொலை 12.4, அந்தமான் நிகோபாரில் 42.8. சிக்கிமுக்கு அடுத்தபடி இதுதான் அதிகம். ஜனத்தொகை குறைந்த இடத்தில் விகிதம் ஏறி இறங்கும் என்பது உண்மையே. ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடிய எண் அல்ல. (மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு ஏற்பாடு இது. தமிழிலும் பேசலாம்.)

அடைபட்ட வழி

இனி தகப்பனாரின் கேள்வி. பட்டம் பெற்ற மறுநாள் பலகை மாட்டி ஆலோசனை சொல்ல உட்கார முடியாது. 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சொல்லிக் கொள்ள, 1992-ம் வருஷச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு வேண்டும். நெடுங்காலமாக அதற்கு எம்.ஏ.வுக்குப் பின் இரண்டு வருஷ எம்.ஃபில். வழியாக இருந்தது, அந்த ஏற்பாடு இப்போது மாறி வருகிறது. ஆக, மூன்று வருஷத்தில் வீட்டுக்குச் சம்பளம் வரும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது உகந்த படிப்பல்ல. அதை முன்கூட்டியே சொல்லி விடுவது நல்லது. ஆனால் பட்டம் வீணாகாது. எந்தப் பட்டமும் போதும் என்கிற குமாஸ்தா பரீட்சைகளை இதை வைத்து எழுதலாம். சிவில் சர்வீஸ் பரீட்சையில் மனோதத்துவம் ஒரு விருப்பப் பாடம்.

இதுவரை தீவு மாணவர்களுக்குப் பெரிய வசதி தபால் வழிக் கல்விதான். பகலில் வேலை, இரவில் பாடம். கப்பலில் மூன்று நாள் பிரயாணம் செய்து சென்னையில் ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட முடியாதவர்களின் வழி அது. அந்த வழி இந்தப் படிப்புக்கு இப்போது இல்லை. 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்வியாண்டு முதல் மனோதத்துவத்தைத் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்த, புதிதாக மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டு விட்டது. 2021-ம் வருஷத்து மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான சட்டத்தின் கீழ் இந்தப் பாடம் வருகிறது என்பது காரணம்.

சோதனைச் சாலையைப் பாராமல், ஒரு மனிதரின் எதிரில் உட்கார்ந்து பழகாமல் இதைக் கற்க முடியாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் நியாயத்தின் செலவை யார் கொடுப்பது? சென்னையில் இருப்பவருக்குக் கல்லூரி ஒரு பஸ் தூரம். வண்டூர்ப் பெண்ணுக்கு அதுவே ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் கடல். ஆசிரியரும் தொண்டரும் மிகவும் தேவைப்படுகிற இடத்துக்குத்தான் இந்தக் கதவு மூடியிருக்கிறது. தீவுக் கல்லூரிகளிலேயே இந்தப் பாடத்தை நேரடி வகுப்பாகக் கொண்டு வரும்படி பெற்றோரும் தமிழ்ச் சங்கங்களும் கேட்க வேண்டிய நேரம் இது.

அதுவரை, பிரசுரங்களைப் பார்த்து அவசரப்பட்டு முன்பணம் கட்டக் கூடாது. வகுப்பு நேரடியாக நடக்கிறதா, சோதனைச் சாலை இருக்கிறதா, பட்டம் வழங்கும் சர்வகலாசாலை எது, மேற்படிப்புக்கு மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகாரம் எங்கே உண்டு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். கப்பல் டிக்கெட் அதற்குப் பிறகு.