கடலுக்கு ஒரு சட்டை

சென்ற சித்திரை விடுமுறையில் என் தமக்கையின் மகள் அவுஸ்திரேலியாவிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தாள். பாதையில் ஏறிக் காரைநகருக்குக் கடந்து, கசூரினாக் கடற்கரையில் நீராடப் புறப்பட்டோம். அவள் அணிந்திருந்த முழுக்கைச் சட்டை என் அன்னையாரின் கண்ணை உறுத்தியது.

“பிள்ளை, கடலுக்குப் போறதுக்கு முழுக்கைச் சட்டையோ? இதுக்கு என்ன பேர்?”

“ராஷி, அம்மம்மா.”

“இராசியோ? கடலிலை குளிக்கவும் இராசி பாக்கினமோ!”

நாங்கள் நகைத்தோம், எனினும் அப்பெயரின் வரலாறு என்னைத் தொடர்ந்தது. அலைச்சறுக்குப் பலகையில் கால் வழுக்காதிருக்க மெழுகு தேய்ப்பார்கள். அதன்மேல் குப்புறக் கிடந்து துடுப்புப்போலக் கைவீசும் இளைஞரின் மார்பும் வயிறும் மெழுகிலும் மணலிலும் உராய்ந்து தடித்துவிடும். அத்தடிப்பை ஆங்கிலத்தில் ‘ராஷ்’ என்பர். அதைத் தடுக்க வந்த மெல்லிய சட்டை நோயின் பெயரையே தன் பெயராகப் பெற்றது. அவுஸ்திரேலியர் அதனைச் செல்லமாக ‘ராஷி’ என்றனர். உடலோடு ஒட்டி நீளும் அதன் இழைக்கு வித்திட்டவர் டூபொன்ட் நிறுவனத்து வேதியியலார் ஜோசப் ஷிவர்ஸ், ஆண்டு 1958. வெயில் காக்கும் பெருமை பின்னர் வந்தது. தோற் புற்றுநோய்க்கு அஞ்சி, சட்டை அணியுங்கள் என்று விக்டோரியா மாநிலத்தில் 1981இல் பெரும் இயக்கமே நடந்தது. ஐம்பது என்று குறியிட்ட துணி, புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கையே உள்ளே விடும்.

உடைகளின் பெயர்கள் வந்த வழி விந்தையானது. குசராத்து வணிகரைக் குறித்த சொல் போர்த்துக்கேயர் வாயிற் புகுந்து, ஆங்கிலேயரின் தளர்ந்த அங்கிக்குப் பெயராகி, பெனியனாக நம்மிடம் திரும்பியது. சப்பாத்தும் களிசானும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. ஒல்லாந்தரோ உடைப்பெயரை விட்டுத் தம் ஊர்ப்பெயர்களை நம் தீவுகளுக்குச் சூட்டினர். நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று, அது மறைந்தது. நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவு இதற்கு மாறாகத் தன் பெயரையே ஒரு பின்னற் சட்டைக்குக் கொடுத்தது. கடற்றொழிலாளர் குளிருக்கு அணிந்த கம்பளிச் சட்டை அது.

நம் தீவுகளில் அப்படியொரு சட்டை இருந்ததில்லையா? இருந்தது. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் ஊரில் சங்கு குளிக்கும் முதியவர் ஒருவர் பழைய முழுக்கைச் சேட்டை மாட்டி, மணிக்கட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டே கடலில் இறங்குவார். மற்றவர் எல்லாம் வெறும் மேனியர். உத்தியோகத்துக்குப் புறப்பட்டவர்போல் தோன்றியதால் நாங்கள் அவருக்குக் ‘கச்சேரியார்’ என்று பட்டம் சூட்டினோம். ஒருநாள் நீந்துகையில் நான் சொறிமுட்டைக் கூட்டத்துள் அகப்பட்டேன். தோளும் மார்பும் தீப்பட்டாற்போல் எரிந்தன. என்னைத் தோளிற் சுமந்து கரைசேர்த்தவர் அவரே. அவருடைய சேட்டில் அந்த விழுதுகள் வழுக்கிச் சென்றதைக் கண்ணாரக் கண்டேன். இரண்டு இரவு உறக்கமில்லை. நனைந்த பருத்தி வெயிலை அவ்வளவாகத் தடுக்காது என்று இன்று அறிகிறேன், சொறியைத் தடுத்தது.

அதன் பின்னும் அவரைக் கச்சேரியார் என்றே அழைத்தேன். தோழர் முன்னிலையில் வேறு பெயர் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. இன்று அவர் இல்லை.

அன்றிரவு இதனை வீட்டில் சொன்னேன். அச்சட்டைக்குத் தமிழில் என்ன பெயரிடலாம் என்று மருமகள் கேட்டாள். ஆசிரியனல்லவா? ‘மேனிக்காப்பு’, ‘கடலங்கி’ என்று அடுக்கினேன். அன்னையார் சுளகிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்:

“அடுத்த முறை வரேக்கை பக்கத்து வீட்டுப் பொடியளுக்கும் இரண்டு சொறிச்சட்டை கொண்டு வா, பிள்ளை. மூத்தவன் கொஞ்சம் உயரம்.”