பேரிலேயே ‘சா’ இருக்கு... உஷார் பாஸ்!

அக்டோபர் பொறந்துட்டா போதும்... ‘நாளைக்கு லீவா?’ன்னு டி.வி. முன்னாடி உட்கார்ந்துடுவோம். புயல் கரையைக் கடந்து, லீவும் முடிஞ்சு, நாம காலேஜ் கிளம்பும்போது ரோட்டுல குறுக்கே கிடந்த மரமெல்லாம் காணாமப் போயிருக்கும். 2016 டிசம்பர் 12-ல வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டப்பவும், 2018 நவம்பர்ல கஜா டெல்டாவைச் சாய்ச்சப்பவும் அந்த வேலையைச் செஞ்ச ஹீரோ... செயின் சா. அதாங்க, மரம் அறுக்கிற மெஷின்!

இப்போ இது ஆன்லைன்லயே கிடைக்குது. ‘நம்ம என்.எஸ்.எஸ். டீமுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன மச்சி?’ன்னு காசு சேர்க்கிற கோஷ்டியா நீங்க? சூப்பர். ஆனா ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. பேரிலேயே ‘சா’வை வெச்சிருக்கிற மெஷின் இது!

முதல்ல உடம்பு, அப்புறம்தான் மெஷின்

சின்னதா ஒரு கணக்கு. இன்ஜின் நிமிஷத்துக்கு 10,000 சுற்று சுத்துது. செயினை இழுக்கிற பல்சக்கரத்துல 7 பல். ஒரு சுற்றுக்குச் செயின் சுமார் 13 செ.மீ. நகரும். பெருக்கிப் பாருங்க... மணிக்கு கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர்! பைபாஸ்ல பஸ் போற வேகத்துல பல்லு வெச்ச சங்கிலி ஓடுது. நம்ம ஊர்ல இதை லுங்கியும் ரப்பர் செருப்புமா நின்னு பிடிக்கிறாங்க.

அதனால பட்ஜெட்ல முதல் வரி பாதுகாப்பு சாமானுக்கு. வலை வெச்ச ஹெல்மெட், காது மூடி (சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்), க்ளவுஸ், பூட்ஸ், அப்புறம் ஒரு ஸ்பெஷல் பேன்ட். இந்த பேன்ட்டுக்குள்ள நீள நீளமா நூல் அடுக்கு இருக்கும். செயின் பட்டதும் நூல் உருவி வந்து பல்சக்கரத்துல சிக்கிச் சங்கிலியை நிறுத்தும். ‘கிளாஸ் 1’னு போட்டிருந்தா நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல சோதிச்சதுன்னு அர்த்தம். நாம போட்ட கணக்குல 22 மீட்டர் வருது. வேகமான மெஷினுக்கு கிளாஸ் 2 பாருங்க.

பெருசு பெஸ்ட் இல்லீங்க

‘24 இன்ச் பிளேடு, செம கெத்து’னு விழாதீங்க. பிளேடு நீள நீள, அதோட மூக்கு எங்கே போகுதுன்னு தெரியாது. மூக்கோட மேல் கால்பாகம் எதையாவது தொட்டா மெஷின் மொத்தமும் உங்க முகத்தை நோக்கி எகிறும். அதுக்குப் பேரு கிக்பேக். கேம்பஸ்ல விழுற கிளைக்கு 14, 16 இன்ச்சே தாராளம்.

கடையில பார்க்க வேண்டியது செயின் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிர்ல நிக்கிற தடுப்பு அது. கிக்பேக் வந்தா கை அதுல மோதி, சங்கிலி கண் சிமிட்டுறதுக்குள்ள நிக்கணும். கைக்கு அடக்கமா பேட்டரியில ஓடுற மினி மெஷின்கள் பலதுல இந்த பிரேக்கே கிடையாது. கைப்பிடி மேலே இருக்கிற குட்டி மாடல் மரத்து மேல வேலை செய்யப் பயிற்சி எடுத்தவங்களுக்கானது. தரையில நின்னு அதை ஒத்தைக் கையால ஓட்டுற வீரமெல்லாம் வேண்டாமே. கடைசியா ஒண்ணு... செயினும் ஃபில்டரும் உங்க ஊர்லயே கிடைக்குமான்னு கேளுங்க.

பத்து நிமிஷ பராமரிப்பு

* தூளா, சீவலா? நல்ல செயின் மரத்தைச் சீவல் சீவலா தள்ளும். மாவு மாதிரி தூள் வந்தா முனை மழுங்கிடுச்சு. மழுங்கினா நாம அமுக்குவோம், அமுக்கினா வழுக்கும். உருண்டை அரத்தால, உள்ளேயிருந்து வெளிப்பக்கமா, ஒரே திசையில, எல்லா பல்லுக்கும் சம எண்ணிக்கையில ராவுங்க. இந்தப் பல்லோட டிசைன் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? மரம் குடையிற ஒரு வண்டுப் புழுவோட தாடையைப் பார்த்து 1946-ல அமெரிக்காவுல ஜோசப் காக்ஸ்ங்கிறவர் பிடிச்ச ஐடியா!

* டைட்டா, லூஸா? செயின் பிளேடோட அடிப்பக்கம் ஒட்டி இருக்கணும், க்ளவுஸ் கையால இழுத்தா ஓடணும். சூட்டுல டைட் பண்ணிட்டு அப்படியே வெச்சிட்டா, ஆறும்போது சுருங்கி இழுத்துக்கும்.

* ஆயில்: செயினுக்குத் தனி டேங்க். வொர்க்‌ஷாப்ல கிடைக்கிற கழிவு ஆயிலை ஊத்தாதீங்க, அதுல இரும்புத் தூள் இருக்கும். ஓடும்போது மூக்கை அட்டைக்கு நேரா, ஒட்டாம பிடிச்சா எண்ணெய்க் கோடு விழணும். விழலைன்னா வேலையை நிறுத்துங்க.

* பெட்ரோல்: டூ-ஸ்ட்ரோக்! 50:1னு மேனுவல் சொன்னா, லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில். இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருது, அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா மூலையில வைக்கப் போறீங்கன்னா டேங்க்கைக் காலி பண்ணிடுங்க.

மணிக்கட்டு மொத்தக் கிளைக்கு மெஷினே எதுக்கு? வளைஞ்ச கை ரம்பம் போதும், இழுக்கும்போதுதான் அறுக்கும். நோய் வந்த மரத்தை வெட்டினா, அடுத்த மரத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டுத் துடைங்க.

கயிறு யாரோடது?

மரத்து மேல ஏறுறது பயிற்சி எடுத்தவங்க வேலை. கரன்ட் கம்பி பக்கத்துல இருந்தா மின்வாரியத்துக்குச் சொல்லிட்டு ஒதுங்கிடுங்க. ஆனா ஏறுறவரைக் கூப்பிடுறது நாமதானே? அதனால கயிறு பத்தி நமக்கும் தெரியணும். ஆளைத் தாங்குற கயிறும் வெட்டின கிளையை இறக்குற கயிறும் ஒண்ணா இருக்கவே கூடாது. மேலே மெஷின் ஓடும்போது ஆளுக்கு ரெண்டு பிடிமானம் வேணும். ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு! வெறும் விரலால உருவிப் பார்த்தா பிசிறு, தட்டை, உருகின மாதிரி பளபளப்பு தட்டுப்படுதா? அந்தக் கயிறுக்கு ரிட்டயர்மென்ட்.

ஹாஸ்டல் பின்னாடி மரம் கழிக்க அடுத்த வாரமே ஒரு அண்ணன் வரலாம். கூலியை ஆயிரத்துலேர்ந்து எண்ணூறா குறைக்க நாம பேரம் பேசுவோம். அந்த இருநூறுலதான் அவரோட புது கயிறு தள்ளிப்போகுது. காலேஜ் கொட்டேஷன் கேட்கும்போது ஹெல்மெட், பேன்ட், கயிறுன்னு மூணு வரியைச் சேர்க்கச் சொல்லி உங்க என்.எஸ்.எஸ். ஆபீசர்கிட்ட ஒரு லெட்டர் கொடுங்க. மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே!