பாட்டன் காரும் பேரன் காரும்

நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடும்போது கார்களைப் பற்றிய பேச்சு எழாமற் போவதில்லை. பழங்காலக் காரே உறுதியானது என்பர் ஒருசாரார். இக்கால ஸ்போர்ட்ஸ் காருக்கு அது ஈடாகுமோ என்பர் மறுசாரார். ஒரே வழியில் வந்த இரு கார்களை எடுத்து இவ்வழக்கை ஆராய்வோம்.

இங்கிலாந்தில் ஹேபேட் ஒஸ்ரின் என்பார் 1922இல் ‘ஒஸ்ரின் செவன்’ என்னுஞ் சிறு காரை வெளியிட்டார். செல்வர்க்கே உரியதாயிருந்த காரை நடுத்தரக் குடும்பத்தாரும் பெறவேண்டுமென்பதே அவர் நோக்கம். அதனை வரைய உதவிய ஸ்ரான்லி எட்ஜ் அப்பொழுது பதினெட்டு வயது இளைஞரே. அக்காரின் எடை ஏறத்தாழ 360 கிலோ. வலுவோ பத்தரைக் குதிரைவலு. மணிக்கு 80 கிலோமீற்றரளவில் ஓடும். தொடக்கத்தில் பின்சில்லுகளின் பிறேக்கைக் காலாலும் முன்சில்லுகளின் பிறேக்கைக் கையாலும் தனித்தனியே இயக்கவேண்டியிருந்தது. 1930இலேதான் இரண்டும் இணைக்கப்பட்டன. எனவே, சாரதி எப்பொழுதும் விழிப்பாயிருத்தல் இன்றியமையாததாயிற்று.

1948இல் கொலின் சப்மன் என்னும் இளைஞர் பழைய ஒஸ்ரின் செவன் ஒன்றை மாற்றியமைத்துத் தமது முதலாவது லோட்டஸ் காரை ஆக்கினார். அவ்வழியில் 1996இல் விற்பனைக்கு வந்ததே ‘லோட்டஸ் எலீஸ்’. அதன் அடிச்சட்டம் அலுமினியத்தாலானது. எடை ஏறத்தாழ 725 கிலோ. வலு 118 குதிரைவலு. வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரளவு. பாரத்தைக் குறைத்தலே பாட்டனிடமிருந்து பேரன் பெற்ற முதுசொம் எனலாம்.

எனில், வலுவிலும் வேகத்திலும் பேரனே வென்றான். பிறேக்கின் திறத்திலும் அவனே மேலோன். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. வேகம் இருமடங்கானால், அதே பிறேக்கினால் நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். அன்றியும், ஆபத்தைக் கண்ட கண் காலுக்கு உணர்த்தச் சிறிது நேரஞ் செல்லும். அது ஒரு வினாடியெனக் கொண்டால், 70 கிலோமீற்றர் வேகத்திற் கார் 19 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். 140இலோ ஏறத்தாழ 39 மீற்றர். இயந்திரம் வளர்ந்தது, மனிதனின் கண்ணும் காலும் 1922இல் இருந்தவாறே இருக்கின்றன.

நம் திருகோணமலையை நோக்குவோம். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியிற் பிரட்றிக் கோட்டையிலே புள்ளிமான்கள் உலாவுகின்றன. நகர வீதிகளுக்கும் அவை வருவதுண்டு. துறைமுகத்தை அடுத்த தெருக்களிற் பள்ளிச் சிறுவர் துவிச்சக்கர வண்டியிற் செல்கின்றனர். இந்நாட்டுச் சட்டமும் காருக்கு ஊர்க்குள்ளே 50 கிலோமீற்றரும், அதிவேகப் பாதையல்லாத வெளிவீதிகளில் 70 கிலோமீற்றருமே விதித்துள்ளது. அவ்வெல்லையைப் பாட்டன் கார்கூட எட்டிவிடும்!

ஆதலின், விரைந்தோடும் கார் எதுவென வினவுதலினும், உற்ற இடத்தில் நிறுத்தவல்ல சாரதி யாவனென வினவுதலே தக்கது. பேரனின் பிறேக்கும் பாட்டனின் சாரதிக்கிருந்த விழிப்பும் ஒருங்கே அமைந்தால், மானும் பிழைக்கும். மாணவனும் வீடு சேர்வான்.