ஒரே செயலி, தனித்தனி அலுவலகங்கள்

லஸ் முனை டீக்கடையில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கேட்டார்: “சென்னை ஒன் செயலி வந்தாச்சே சார், அப்போ பஸ்காரங்க கம்ப்யூட்டர், மெட்ரோகாரங்க கம்ப்யூட்டர், ரயில்வே கம்ப்யூட்டர் எல்லாம் ஒண்ணாயிடுச்சா?” ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை என்றேன். அது எப்படி என்று புரிந்துகொண்டால், பெரிய நிறுவனங்களின் சாஃப்ட்வேர் இன்று எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

சென்னை ஒன் 2025 செப்டம்பர் 22 அன்று தொடங்கப்பட்டது. மாநகரப் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில், ஆட்டோ, கேப் எல்லாவற்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவருவது நோக்கம். ஆனால் இவற்றை நடத்துபவர்கள் யார் யார் என்று பாருங்கள். மாநகர் போக்குவரத்துக் கழகம் 1972-ல் பல்லவன் என்ற பெயரில் பிறந்தது. மெட்ரோ 2015-ல் ஓடத் தொடங்கிய தனி நிறுவனம். புறநகர் ரயில் மத்திய அரசின் ரயில்வேயுடையது. அதன் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்வது டெல்லியில் உள்ள ‘கிரிஸ்’ என்ற அமைப்பு. ஒவ்வொருவரும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு டெண்டரில் வாங்கிய கம்ப்யூட்டர்கள். பஸ்ஸில் ஸ்டேஜ் கணக்கு, மெட்ரோவில் தூரக் கணக்கு, ரயிலில் சீசன் டிக்கெட். இத்தனையையும் உருக்கி ஒரே டேட்டாபேஸில் ஊற்ற நினைத்தால் பஸ் கட்டணம் ஒரு ரூபாய் மாறினாலும் மெட்ரோ சாஃப்ட்வேரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியிருக்கும்.

அதனால் வேறு வழி. ஒவ்வொரு நிறுவனமும் வெளியாருக்காகச் சில கேள்விகளை மட்டும் திறந்து வைக்கும். இங்கிருந்து அங்கே எவ்வளவு? டிக்கெட் கொடு. இந்த டிக்கெட் செல்லுமா? ரத்து செய். யார் கேட்டாலும், முன்பே ஒப்புக்கொண்ட வடிவத்தில் கேட்டால், ஒப்புக்கொண்ட வடிவத்தில் பதில் வரும். உள்ளே பழைய சர்வரா புதிய சர்வரா என்பது கேட்பவருக்குத் தேவையில்லாத விஷயம். இப்படித் திறந்து வைப்பதைத்தான் சர்வீஸ் என்கிறார்கள். இதன்மேல் கட்டுவது சேவை சார்ந்த கட்டமைப்பு. சென்னை மெட்ரோ ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பில் சேர்ந்ததால்தான் அதன் டிக்கெட்டை இன்று பல தனியார் செயலிகளிலும் வாங்க முடிகிறது. அந்த வலையமைப்பில் தேடு, தேர்ந்தெடு, தயார் செய், உறுதி செய் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு செய்தி வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு செயலிக்காகவும் மெட்ரோ தனியாக உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியதில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. எங்கே கடினமாகிறது என்று சொல்கிறேன்.

மயிலாப்பூரிலிருந்து தாம்பரம் போக வேண்டும் என்று வையுங்கள். தி.நகர் வரை பஸ், பிறகு மாம்பலத்தில் மின்சார ரயில். தி.நகர் பஸ் நிலையமும் மாம்பலம் ஸ்டேஷனும் ஒன்றுக்கொன்று பக்கம் என்பது ரங்கநாதன் தெருவில் ஒருமுறை நடந்தவருக்குத் தெரியும். 2023 மே மாதம் திறந்த, சுமார் 570 மீட்டர் நீள நடைமேம்பாலமும் இரண்டையும் இணைக்கிறது. கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. ரயில்வே கணக்கில் மாம்பலம் ‘எம்பிஎம்’. அந்தக் குறியீடு பஸ் கழகத்தின் நிறுத்தப் பட்டியலுக்கு அந்நியம். இதில் இறங்கி அதில் ஏறலாம், நடக்க இத்தனை நிமிஷம் ஆகும் என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் செயலி அந்த வழியைக் காட்டும். எழுதி வைத்தால் மட்டும் போதாது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காக லஸ் பக்கமும் பனகல் பூங்கா பக்கமும் பஸ்கள் வழி மாறிப் போனதைப் பார்த்தோமே, அப்படி ஒரு நிறுத்தம் நகர்ந்த அன்றே அந்தப் பட்டியலைத் திருத்துவது யார்? இந்தக் கேள்விக்கு ஓர் அலுவலகத்தின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால், எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரும் பயணியைத் தவறான இடத்தில் நிறுத்தும்.

அடுத்தது, பணம் போய் டிக்கெட் வராத கதை. செயலி “டிக்கெட் கொடு” என்று கேட்கிறது. பதில் வரவில்லை. கேள்வியே போய்ச் சேரவில்லையா, டிக்கெட் போட்டாகிவிட்டுப் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கேட்ட இடத்தில் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. மறுபடி கேட்டால் இரண்டு டிக்கெட் விழலாம். கேட்காவிட்டால் ஒன்றும் இல்லாமல் போகலாம். இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கேள்வியும் தனக்கென்று ஓர் எண்ணோடு போக வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், சர்வீஸ் புது டிக்கெட் போடாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். இது புரோகிராமரின் பொறுப்பு. ஆனால் அப்படியும் பணம் நடுவில் சிக்கினால் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்பது புரோகிராமர் முடிவு செய்யக்கூடியதல்ல. யுபிஐ விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதியே போட்டது: வியாபாரிக்குக் கொடுத்த பணம் உறுதியாகாமல் நின்றால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பின் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு. யுபிஐ மீது இவ்வளவு நம்பிக்கை வளர்ந்ததில் இப்படிப்பட்ட விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நண்பர் தலையாட்டினார். “அப்போ இது கம்ப்யூட்டர் வேலை இல்ல, ஆபீஸ் வேலைன்னு சொல்லுங்க.”

ஆமாம். கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-லேயே இதை எழுதினார்: ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே இருக்கும். நம் ஊரையே பாருங்கள். சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், அதாவது கும்டா, அதற்கான சட்டம் 2010-ல் வந்தது. முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். செயலி அதற்குப் பிறகுதான். இந்தச் செயலியை எழுதத் தேவையான தொழில்நுட்பம் நெடுங்காலமாக உலகில் இருந்தது. எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

பழைய சாஃப்ட்வேரை என்ன செய்வது என்பது எந்தப் பெரிய அலுவலகத்திலும் முதலில் எழும் பயம். பனைமரத்தின் மேல் ஆலம்விதை விழுந்து முளைத்து, வேர் மெல்ல மெல்லத் தரையிறங்கிச் சுற்றிக்கொள்வதை நம் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். சாஃப்ட்வேர் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர் ஆஸ்திரேலியக் காட்டில் இதே மாதிரி ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு, பழைய அமைப்பை மாற்றும் முறை ஒன்றுக்கு அதன் பெயரையே வைத்தார். பழையது ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒவ்வொரு வேலையாகப் புதியதுக்கு மாற்றுங்கள். ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றத் துணிந்தது பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களை ஒரேயடியாகப் புதிய அமைப்புக்கு நகர்த்தியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேல்.

எதையும் துண்டு துண்டாக நறுக்கினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இந்த வழிக்கே பேர்போன அமேசானில், பிரைம் வீடியோவின் ஒரு குழு தன் கண்காணிப்பு சாஃப்ட்வேரின் துண்டுகளை மறுபடி ஒன்றாகச் சேர்த்ததாகவும், செலவு 90 சதவீதம் குறைந்ததாகவும் 2023-ல் எழுதியது. ஒரே குழு, ஒரே வேலை என்றால் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறுப்பு எங்கே பிரிகிறதோ அங்கே சாஃப்ட்வேர் பிரிந்தால் போதும்.

மருத்துவமனையோ கல்லூரியோ அரசுத் துறையோ, இப்படி ஒரு மாற்றத்துக்கு டெண்டர் விடும் இடத்தில் நீங்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். நிறுவனங்களை அழைக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவு பதில் சொல்லும், எத்தனை நொடியில் சொல்லும், சொல்லாவிட்டால் இரவு இரண்டு மணிக்கு யாருடைய போன் அடிக்கும் என்று எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாள் நிரம்பாமல் டெண்டர் விடாதீர்கள்.