மறைந்திருக்கும் பிரிவுகளும் சபைக் கணக்கெடுப்பும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், படவேட்டுக்கு அண்மையிலுள்ள சந்தவாசலில், சுற்றுக் கிராமச் சபைகளின் உபதேசியார்களோடு நாம் ஒருமுறை அமர்ந்து, மேலிடத்திலிருந்து வந்த ஒரு படிவத்தை நிரப்ப முற்பட்டோம். அதில் இரண்டே பத்திகள் இருந்தன. ஒன்று 'ஊக்கமுள்ள குடும்பங்கள்', மற்றது 'பெயரளவிலான குடும்பங்கள்'. எச்சபைக்குத் தனி ஊழியர், எச்சபை அடுத்ததோடு இணைக்கப்படும் என்பது இத்தொகையைக் கொண்டே முடிவாகும் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. முதிய உபதேசியார் ஒருவர் எழுந்தார். "ஐயா, வருஷத்தில் பாதி நாள் வேலைக்கு வெளியூர் போய்விடுகிற குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. ஞாயிறு ஆராதனையில் அவர்களைப் பார்க்க முடியாது. ஆனால் அறுப்பின் பண்டிகைக்குத் தவறாமல் வந்து காணிக்கை வைப்பார்கள். அவர்களை எந்தப் பத்தியில் எழுதட்டும்?" என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

மனிதரை முன்கூட்டியே வகுத்த பத்திகளில் அடைப்பது நம் திருச்சபைக்குப் புதிதன்று. மெதடிஸ்ட் அருட்பணியாளர் வாஸ்கம் பிக்கெட் 1933ஆம் ஆண்டில் வெளியிட்ட, இந்தியாவின் மக்கள் திரள் இயக்கங்களைப் பற்றிய நூலை நம் மாணவர் அறிவர். கிறிஸ்தவராகியது ஏன் என்று 3,947 பேரிடம் கேட்டு, அவர்தம் விடைகளை நான்கு வகையாக அவர் பிரித்தார். ஆவிக்குரிய நோக்கம் 34.8 விழுக்காடு, உலக நலன் 8.1, சமூகக் காரணம் 22.4, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தமை 34.7. உழைப்பு மிகுந்த ஆய்வுதான்; நாம் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் நான்கு பெட்டிகளும் ஆய்வாளர் செய்தவை. ஒரே மனிதர் பசியாலும் பக்தியாலும் உறவினர் பொருட்டும் ஒருங்கே வந்திருக்கக் கூடும். விடைகள் தம்முள் எவ்வாறு கூடிவருகின்றன என்பதிலிருந்தே பிரிவுகளைக் கண்டறியும் வழி அக்காலத்தில் உருவாகியிருக்கவில்லை.

அவ்வழியைத் திறந்தவர் வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் லாசர்ஸ்ஃபெல்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரரின் மனப்பான்மையை ஆராய்ந்த பெருந்தொகுதியின் ஒரு பகுதியாக, 1950ஆம் ஆண்டில் அவர் இம்முறையை விளக்கினார். 1974ஆம் ஆண்டில் லியோ குட்மன் இதற்குரிய கணக்கீட்டை நடைமுறைக்கு ஏற்றதாக்கினார். இதனை 'உள்ளுறை வகுப்புப் பகுப்பாய்வு' எனலாம். ஆனால் நம் நாட்டில் வகுப்பு என்றவுடன் சாதியே முன்வந்து நிற்பதால், 'பிரிவு' என்றே இங்கு எழுதுகிறோம்.

ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்குவோம். ஒரு சேகரத்தில் நூறு குடும்பங்கள். இரண்டு கேள்விகள்: ஆராதனைக்கு ஒழுங்காக வருகின்றனரா? சந்தா ஒழுங்காகச் செலுத்துகின்றனரா? வருகிற ஐம்பது குடும்பங்களில் 34 சந்தா செலுத்துகின்றன. வராத ஐம்பதில் 16 மட்டுமே. ஆகவே ஆராதனைக்கு வந்தால் சந்தா பெருகும் என்று சேகரக் கமிட்டி உடனே முடிவு கட்டும். இப்பொழுது அந்நூறும் ஐம்பது ஐம்பதாக இரு மறைவான பிரிவுகள் எனக் கொள்வோம். முதற்பிரிவில் வருவோர் 80 விழுக்காடு, சந்தா செலுத்துவோரும் 80 விழுக்காடு. இரண்டாம் பிரிவில் இரண்டும் 20 விழுக்காடு. முதற்பிரிவில் வருகிற 40 குடும்பங்களில் 32 செலுத்தும். வராத 10இல் 8 செலுத்தும். இரண்டிடத்தும் அதே 80 விழுக்காடு! பிரிவுக்குள்ளே வருகைக்கும் சந்தாவுக்கும் தொடர்பே இல்லை. வெளியே தோன்றிய தொடர்பு முழுவதும் பிரிவுகளின் கலப்பினால் உண்டானது. இதுவே இம்முறையின் அடிப்படை ஊகம்.

இன்னொன்றையும் கவனிக்க. இரண்டையும் செய்கிற 34 குடும்பங்களில் 32 முதற்பிரிவைச் சேர்ந்தவை. அங்கே ஏறக்குறைய ஐயமில்லை. ஆனால் வருகை உண்டு, சந்தா இல்லை என்னும் 16 குடும்பங்களில் எட்டு இப்பக்கம், எட்டு அப்பக்கம். அவற்றுள் எந்தக் குடும்பம் எப்பிரிவு என்று கணக்கே சொல்லாது. சரிபாதி நிகழ்தகவு என்று மட்டும் சொல்லும். படிவத்தின் இரு பத்திகளுக்கு இந்த அடக்கம் இல்லை.

மெய்யான ஆய்வில் பிரிவுகளின் அளவு நமக்கு முன்னரே தெரியாது. இரண்டு கேள்விகளின் விடைகளைப் பலவிதமாகப் பிரித்துக் காட்டிவிடலாம். ஆகவே இரு பிரிவுகளைக் கண்டறிய மூன்று கேள்விகளேனும் தேவை. கணினி ஓர் உத்தேசப் பிரிவினையில் தொடங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் நிகழ்தகவையும் கணித்து, அதைக்கொண்டு பிரிவுகளைத் திருத்தி, மாற்றம் அடங்கும்வரை மீண்டும் மீண்டும் கணக்கிடும். சில வேளை தவறான இடத்திலேயே நின்றுவிடுவதால், பல தொடக்கங்களிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரிவுகள் இரண்டா, மூன்றா, நான்கா? பிரிவுகளைக் கூட்டக் கூட்டப் பொருத்தம் கூடத்தான் செய்யும். ஆகவே வீணான பெருக்கத்துக்குத் தண்டம் விதிக்கும் அளவுகோல்கள் உள்ளன. 1978ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ் தந்தது அவற்றுள் பெரிதும் வழங்குவது.

நிறுவன ஆய்வில் இம்முறையும் இதன் உறவு முறைகளும் இன்று பரவலாக வழங்குகின்றன. ஊழியர் ஒருவர் தம் நிறுவனத்தில் நிலைத்திருப்பதற்கு விருப்பம், விலகினால் நேரும் இழப்பு, கடமையுணர்வு என்னும் மூன்று கட்டுகள் உண்டென்று மேயரும் ஆலனும் 1991ஆம் ஆண்டில் எழுதினர். பின்வந்தோர், இம்மூன்றும் எவ்வெவ்விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதைக் கொண்டு ஊழியரிடையே பிரிவுகளைத் தேடினர். நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோரைப் பற்றி இதே கேள்வியை எழுப்ப நம்மில் எவருக்கேனும் துணிவு உண்டா, அறியோம்.

எச்சரிக்கைகளும் உள. முப்பது குடும்பச் சபையில் இம்முறை பயன்படாது. சில நூறு குடும்பங்களாவது வேண்டும். ஒரே பொருளைச் சற்றே மாற்றி இருமுறை கேட்டால், இல்லாத பிரிவொன்று முளைத்துவிடும். ஆயர் நேரில் கேட்கும்போது தரப்படும் விடை வேறு, அயலார் கேட்கும்போது வேறு. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, பிரிவுக்கு நாம் சூட்டும் பெயர். கணினி 'இரண்டாம் பிரிவு' என்று மட்டுமே சொல்கிறது. 'பெயரளவிலானவர்' என்று எழுதுகிறது நம் கை. கோதுமையையும் களைகளையும் பற்றிய உவமையைப் பிரசங்கிக்கிற நாமே அறுவடைக்கு முன் கட்டுக்கட்டிப் பெயர் எழுதுவது விந்தைதான்.

சந்தவாசல் படிவத்தில் கடைசியாக ஒரு மூன்றாம் பத்தியைக் கையால் வரைந்தோம். அதற்குத் தலைப்பு இடவில்லை. பண்டிகை வருகை, காணிக்கை, வெளியூரில் இருக்கும் மாதங்கள், அங்கே ஆராதனைக்குச் செல்கின்றனரா என்பவற்றை வீடு வீடாகக் கேட்டு அதில் எழுதினோம். உபதேசியார் கேட்ட குடும்பங்களில் நான்காம் கேள்விக்கான விடை இன்னும் பல வரவில்லை. அவர்கள் பண்டிகைக்கு ஊர் திரும்பும்போது கேட்பதாக அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.